நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

நீத் நகரில், மீன்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே
ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கடைக்கு
என் தராசைக் கையோடு கொண்டுபோனேன்.
தபால் தராசு.
ஓய்வு பெற்ற அன்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை,
நானும் நினைவூட்டவில்லை.

இருபத்தெட்டு வருடம் இடது தோளில் மற்றவர்களின் கடிதம்.
இப்போது எந்தக் கோட்டுப் போட்டாலும்
ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கிறது.

கடைப்பையன் கெத்தின் ஒவ்வொன்றாய் இறக்கினான்.
இது மழை தாங்கும். எழுநூற்று நாற்பது.
இது முதுகுக்குக் காற்று விடும். தொள்ளாயிரத்துப் பத்து.
காற்று விடவா இத்தனை கனம் என்றேன்.
கொக்கி, விசில், குழாய் நுழைய ஓட்டை,
எந்த வார் எதற்கென்று அவனுக்கே பிடிபடாத இடியாப்பம்.

கடைசியில் ஏணி போட்டு ஒன்றை எடுத்தான்.
சாம்பல் நிறம், வெங்காயச் சருகு போலத் துணி.
தராசில் வைத்ததும் எண் துடித்து, யோசித்து, நின்றது:
நானூற்றுப் பன்னிரண்டு.

"போன வருஷத்துச் சரக்கு.
கிழிஞ்சிடும்னு பயந்து யாரும் எடுக்கலை."
"நானும் போன வருஷத்துச் சரக்குதான்.
பில் போடு."

புதன்கிழமை மப்ளியோடு கிளம்பினேன்.
அவள் மூட்டையில் குடை, வாணலி,
மூன்று விதமான பாலாடைக்கட்டி,
நாய்க்கு ஒரு துண்டு, நாய்க்கு ஒரு கிண்ணம்.
நாயைத்தான் வீட்டிலேயே மறந்துவிட்டாள்.
என் பையில் ஓர் ஆப்பிள், வெளி அறையில் சாவி,
பாதி சாக்லேட்.
மீதிப் பாதியை எடை குறைக்க
வண்டியிலேயே தின்றிருந்தேன்.

முதல் அருவி அகலவாய்க்காரி,
பல் விழுந்த இடமெல்லாம் பாறை.
அடுத்ததை மரங்களுக்கிடையே எட்டிப் பார்த்ததோடு சரி.
மூன்றாவதற்குத் துணி மிதிப்பவன் அருவி என்று பெயர்.
அந்த நுரையைப் பார்த்தபின்
பெயர் வைத்தவனோடு சண்டைக்குப் போக முடியாது.

பிறகு படிகள்.
ஏறச் சொன்னால் மூச்சுக்குக் கோபம்,
இறங்கச் சொன்னால் முழங்காலுக்குக் கோபம்.
அடியில் அவள். ஸ்குட் ஏர் ஐரா.
பனியின் அருவி என்று பொருள்.
எத்தனை முறை வந்தாலும்
முதல் பார்வையில் நான் எதையாவது
கையிலிருந்து கீழே போட்டுவிடுவேன்.
இந்த முறை ஆப்பிள்.
ஹெப்ஸ்டே ஆறு அதை உருட்டிக்கொண்டு போனது,
நன்றி கூடச் சொல்லாமல்.

அவளுக்கு முன்னால் நிற்பதில்லை நாங்கள்,
பின்னால் போவோம்.
பாறை விளிம்பில் ஒரு ஆள் நடக்க இடமுண்டு,
வலப்பக்கம் மலை, இடப்பக்கம் விழுந்துகொண்டே இருக்கும் சுவர்.
அந்தச் சுவர் வழியே பார்த்தால்
காடு இன்னும் முடிவாகாத ஒரு யோசனை.
சத்தமா? சத்தம் என்ற சொல் அங்கே செல்லாது.
மப்ளி நின்று, என்னைப் பார்த்து, வாயசைத்தாள்.
தலையாட்டினேன்.
முதுகில் இரண்டு முறை தட்டினாள்.
அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும்
பை எவ்வளவு அருவி குடித்திருக்கிறது என்று பார்க்க
அப்படியே தராசில் வைத்தேன்.
ஆயிரத்து நானூற்று முப்பது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று முப்பது.

அடியில் ஒரு கல்.
கறுப்பு, நடுவில் வெள்ளை வரி,
யாரோ சுற்றிக் கட்டிய பார்சல் போல.

இரண்டு கிராம் கூடினால் உறையை உள்ளங்கையில் கண்டுபிடித்து
அபராதத் தபால்தலை கேட்டவள் நான்.
சாவு ஓலை வந்த வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.
அந்த நான்தான்
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த மலையை
அத்தனை படியும் சுமந்து ஏறி,
புதுப் பை பூப்போல இருக்கு, பார்த்தியா என்று
வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன் செய்தேன்.
"உன் பையில வச்சுக்கட்டுமான்னு கேட்டேன்ல.
நீதானே தலையாட்டின?
என் மூட்டையில இடம் ஏது?"

கல் இப்போது சமையலறை ஜன்னலில் உலர்கிறது.
உலர்ந்ததும் வரி மங்கிவிட்டது, சாதாரணக் கல்.
அடுத்த புதன் மழை என்கிறார்கள்.
பரவாயில்லை, மழையிலும் போய்ப் பழகிய கால்.
கல்லின் மேல் முகவரி இல்லைதான்.
எந்த வீட்டுக்குரியது என்று தெரியும் எனக்கு.